வாசலில் நின்ற அப்பா, நாற்காலியில் அமர்ந்த அம்மா

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா. இல்லேன்னா வகுப்புக்குள்ள கால் வைக்காதே."

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களில் இந்த வார்த்தையைக் கேட்டு வயிறு கலங்காதவர்கள் குறைவு. பிரம்படிகூடப் பெரிதில்லை; ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்பா வர வேண்டும் என்றால் அவருடைய அரைநாள் கூலி போய்விடும். நடவானாலும் சரி, மில் ஷிப்டானாலும் சரி, தறியானாலும் சரி. அதைவிடப் பெரிய வேதனை, வீட்டில் எல்லோரையும் அதட்டும் மனிதர் பள்ளிக்கூடத்தில் நிற்கும் விதத்தைப் பிள்ளை பார்க்க நேர்வது. செருப்பு வெளியே கிடக்கும். தோளில் இருந்த துண்டு கக்கத்துக்கு இறங்கிவிடும். தலைமையாசிரியர் அறையில் நாற்காலி இருக்கும். அதில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை, அவருக்கும் உட்காரத் தோன்றியதில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "ரெண்டு கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார், ஏன்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

இந்தச் சொல்லை இன்று மேடைகளில் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். ஆசிரியர் மீது அன்று அப்படியொரு மரியாதை இருந்தது, இன்று ஒரு தட்டுத் தட்டினால் பெற்றோர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள் என்று ஒப்பிடுகிறார்கள். இந்த ஒப்பீட்டில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தந்தையின் சொல்லில் நம்பிக்கை இருந்தது உண்மை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தனக்கு விளங்காத ஓர் இடத்தில் நின்றுகொண்டு, 'இதில் நான் சொல்ல எதுவுமில்லை' என்று கையை விரித்ததும் அதே சொல்லில்தான் இருந்தது. மரியாதை எவ்வளவு, இயலாமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அந்தக் காலத்தை ஏக்கத்தோடு பேசுவது அந்த மனிதருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

பள்ளியின் முன் பெற்றோர் எந்தக் காலத்திலும் கைகட்டித்தான் நின்றார்கள் என்பதும் இல்லை. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் உள்ளூர்க் கல்வியைப் பற்றிக் கணக்குக் கேட்டார். அந்த அறிக்கைகளைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பில், மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், அவற்றில் 1,88,650 பேர் படிக்கிறார்கள் என்ற கணக்கு இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சர்க்கார் பணம் போகவில்லை. பிள்ளைகளின் வீட்டார் கொடுத்த காசும் தானியமும்தான் அந்தத் திண்ணைப் பள்ளிகளை நடத்தின. விஜயதசமியன்று பிள்ளையை உட்காரவைத்து நெல்லில் 'அ' எழுதவைத்தால் வாத்தியாருக்கு வேட்டியும் தட்சிணையும் வரும். நவராத்திரியில் பிள்ளைகளைக் கோலாட்டம் அடித்துப் பாடவைத்து வீடு வீடாக அழைத்துப்போவார். கிடைப்பதில் அவருடைய ஆண்டுச் செலவின் ஒரு பகுதி கழியும். அங்கே வாசலில் வந்து நின்றவர் வாத்தியார்தான். ஊருக்குப் பிடிக்காவிட்டால் அவர் பிழைப்பு போயிற்று.

ஆனால் எந்த ஊருக்கு? தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை. பெண் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். ஆகவே ஊரே நடத்திய பள்ளி என்று அதைப் புகழும்போது, ஊரில் பாதிக்கு மேல் அதில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிற்பாடு மிஷன் பள்ளிகளும் போர்டு பள்ளிகளும் முனிசிபல் பள்ளிகளும் வந்தன. வாத்தியாருக்கு மாதச் சம்பளம் வந்தது. அவர் அஞ்ச வேண்டியவர் ஊர்ப் பெரியவர் இல்லை, ஆண்டுக்கு ஒருமுறை வரும் இன்ஸ்பெக்டர். இது பெரிய விடுதலை. கதவு எல்லோருக்கும் சட்டப்படி திறந்ததும் இதனால்தான். கூடவே இன்னொன்றும் நடந்தது. பள்ளி சர்க்காருடையது, அங்கே பிள்ளையை விட்டுவிட்டு வருவதோடு நம் வேலை முடிந்தது என்று பெற்றோர் ஒதுங்கினார்கள்.

ஒதுங்கியவர்களை ஒருமுறை பள்ளியே கைகாட்டி அழைத்தது. அந்த அழைப்பை அவர்கள் ஏற்கவில்லை. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த திட்டம், பள்ளி நேரத்தைச் சுருக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்தே கூடுதல் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். சலவைத் தொழிலாளியும் மண்பாண்டம் செய்பவரும் தங்கள் தொழிலைச் சொல்லிக்கொடுக்கத் தெரியாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தங்களால் கொடுக்க முடியாத ஒன்று அங்கே கிடைக்கும் என்றுதான் அனுப்பினார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளியிடம் தமிழ்ப் பெற்றோர் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அதற்குப் பின் வந்த சில ஆண்டுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அது முழுக்க அரசுப் பணத்தில் தொடங்கவில்லை. ஊரார் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும் காசிலும் தொடங்கியது. அரசு பிற்பாடு தன் பங்கைச் சேர்த்தது. 1958இலிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. அப்போது கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு இந்த இரண்டுக்கும் ஓடியாடி உழைத்தவர். மாநாடு என்றால் பேச்சு மட்டும் இல்லை. ஒருவர் நிலம் கொடுப்பார், ஒருவர் இரண்டு பெஞ்ச் செய்து கொடுப்பார், கரும்பலகை, சுவர்க் கடிகாரம், தண்ணீர்ப் பானை, சோற்றுத் தட்டு என்று ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள். பழைய அரசுப் பள்ளிகளில் மின்விசிறி இறக்கையிலும் பீரோ கதவிலும் 'உபயம்' என்று பெயிண்டில் எழுதியிருப்பதை இன்றும் பார்க்கலாம். அந்தப் பழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. தலைமையாசிரியர் அறையில் உட்காரத் தயங்கிய மனிதர் அந்த அறைக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறார்!

பிள்ளை சேர்க்கும் முறையும் அப்போது வேறு. ஜூன் மாதம் ஆசிரியர்தான் வீடு தேடி வருவார். ஆடு மேய்க்கப் போயிருக்கும் பையனையும் தம்பியை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணையும் கணக்கெடுப்பார். "ஒரு வேளைச் சோறு நாங்க போடுறோம், அனுப்பிவைம்மா" என்பார். பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. "எப்பம்மா பொறந்தான்?" என்றால், "பெரிய புயல் அடிச்சுதே, அதுக்கு மறுவருசம் ஆடியில" என்று பதில் வரும். தலைமையாசிரியர் மனசுக்குள் கணக்குப் போட்டு மே என்றோ ஜூன் என்றோ ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அந்தத் தலைமுறையில் ஏராளமானோர் பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்தநாளோடுதான் வேலைக்குச் சேர்ந்து ஓய்வும் பெற்றார்கள்.

ஆசிரியர் அதே ஊரில் குடியிருந்தார் என்பது இதில் எல்லாம் முக்கியம். மணியார்டர் வந்தால் கடிதத்தைப் படித்துச் சொல்பவர் அவர். மனு எழுதிக் கொடுப்பவர் அவர். எந்தப் பிள்ளையின் அப்பா குடிப்பவர், எந்த வீட்டில் நேற்று அடுப்பு எரியவில்லை, எந்தப் பெண் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கூட்டம் போடாமலேயே பெற்றோரை அவர் தினமும் பார்த்தார். கிணற்றடியில், டீக்கடையில், கோயில் திருவிழாவில். இன்று பெரும்பாலான கிராமப் பள்ளி ஆசிரியர்கள் பக்கத்து நகரத்திலிருந்து பஸ்ஸிலோ பைக்கிலோ வந்து போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளி, கணவரோ மனைவியோ பார்க்கும் வேலை எல்லாம் நகரத்தில். ஆனாலும் நாம் இழந்தவற்றில் உண்மையான இழப்பு எது என்று கேட்டால், பிரம்பைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

இந்த நெருக்கமும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. காலனியிலிருந்து வந்த தந்தையிடம் ஆசிரியர் பேசிய தொனி வேறு. அவருடைய பிள்ளை வகுப்பைக் கூட்டவும் தண்ணீர் எடுத்துவரவும் அனுப்பப்பட்டபோது அவர் வந்து கேட்டிருக்க முடியாது. கேட்டால் வேலை கொடுக்கும் ஆண்டையின் காதுக்குப் போகும். அம்மாக்கள் என்ற கணக்கே அன்றைய பள்ளியில் கிடையாது. முன்னேற்ற அறிக்கையில் 'பெற்றோர் கையொப்பம்' என்றால் அப்பாவுடையது. அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் இங்க் பேடில் கட்டைவிரல். ரேங்க் கார்டில் சிவப்பு மையில் கோடிட்ட மதிப்பெண்ணை, "இது நல்ல மார்க்குப்பா, அதான் கோடு போட்டிருக்காங்க" என்று அப்பாவிடம் சொல்லிக் கைநாட்டு வாங்கிய பிள்ளைகளின் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தத் தந்தையின் இடத்திலிருந்து பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

1980களிலிருந்து நடந்த மாற்றம் வேகமானது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் சிறு நகரங்களுக்கும் வந்தன. கைநாட்டு வைத்தவரின் மகனும் மகளும் இப்போது பெற்றோர் ஆகியிருந்தார்கள். அவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியும். ஆங்கிலம் தெரியாமல் தாங்கள் எங்கெல்லாம் தடுக்கி விழுந்தோம் என்பதும் தெரியும். கடன் வாங்கியும் தாலிக்கொடியை அடகு வைத்தும் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்தார்கள். பெரிய பள்ளிகளின் வாசலில் விண்ணப்பம் வாங்க நள்ளிரவிலேயே வரிசை நின்றது. அப்பா அம்மாவுக்கு என்ன டிகிரி, என்ன வேலை, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று நேர்காணல் நடந்தது. மூன்றரை வயதுக் குழந்தைக்காகப் பெற்றோர் தேர்வு எழுதினார்கள் என்றே சொல்லலாம். தந்தையின் தலைமுறை ஒரு கும்பிடோடு கடந்த வாசலை இவர்கள் நன்கொடையோடு கடந்தார்கள்.

பணம் கொடுத்தால் கேள்வி கேட்கலாம் அல்லவா? ஒன்றிரண்டைக் கேட்க முடிந்தது. ஏன் ஏ.சி. வேலை செய்யவில்லை, ஏன் வேன் தாமதம், ஏன் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 98, என் மகளுக்கு 94. வகுப்பில் என்ன நடக்கிறது, ஆசிரியருக்கு எவ்வளவு சம்பளம் தருகிறீர்கள், ஒன்பதாம் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பாடத்தை ஏன் நடத்துகிறீர்கள் என்று கேட்க முடியவில்லை. கேட்டால் "இஷ்டமில்லேன்னா டி.சி. வாங்கிக்கோங்க" என்ற ஒரே பதில். நடு ஆண்டில் டி.சி.யை வாங்கிக்கொண்டு எங்கே போவது? இந்தப் பயமும் அந்தப் பழைய பயத்தின் பேரன்தான்.

பெற்றோர் மனத்தை உலுக்கிய நாள் 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டால் அது பத்திரமாக இருக்கும் என்பது எந்தக் கட்சி, எந்தச் சாதி, எந்த ஊர்ப் பெற்றோரும் கேள்வி கேட்காமல் நம்பிய விஷயம். அந்த நம்பிக்கை அன்று எரிந்தது. அதன் பிறகுதான் படிக்கட்டு எத்தனை, வெளியேறும் வழி எது, கட்டடத்துக்கு உரிமம் இருக்கிறதா என்றெல்லாம் சாதாரணப் பெற்றோர் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் பத்தாண்டு வழக்கோடு நின்றார்கள். 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

சட்டங்களும் அந்த ஆண்டுகளில்தான் அடுத்தடுத்து வந்தன. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, பள்ளியில் உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. 2009இல் தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தும் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கோவிந்தராஜன் தலைமையிலான குழு 2010இல் பள்ளி வாரியாகக் கட்டணத்தை நிர்ணயித்தது. அந்தக் கோடையில் பள்ளி வாசல்களில் பெற்றோர் கூட்டம் கூட்டமாக நின்று "அரசு சொன்ன ஃபீஸ்தான் கட்டுவோம்" என்று குரல் கொடுத்தது தமிழ்நாட்டுக்குப் புதுக் காட்சி. அதே 2010 ஏப்ரலில் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்யக் கூடாது என்றது. பிள்ளையை அடிக்கவோ மனத்தைப் புண்படுத்தவோ கூடாது என்றது. "தோலை உரிச்சிடுங்க" என்று அனுமதி கொடுக்கும் உரிமை எந்தத் தந்தைக்கும் இல்லை என்று சட்டமே சொல்லிவிட்டது. நல்லதுதான். பிள்ளையின் தோல் பிள்ளையுடையது.

பிறகு வாட்ஸ்அப் வந்தது. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். துபாயில் வேலை பார்க்கும் அப்பா மகளின் கையெழுத்துப் பயிற்சியை அன்றைக்கே பார்க்கிறார். பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட வீடுகளுக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுதான் பள்ளி. ஆனால் அன்றாடத்தில் அது என்னவாக ஆகியிருக்கிறது என்று பாருங்கள். இரவு பத்து மணிக்கு "மிஸ், நாளைக்கு என்ன கலர் டிரஸ்?" பத்தேகாலுக்கு "மேக்ஸ் ஹோம்வொர்க் யாராவது போட்டோ போடுங்க ப்ளீஸ்." அந்த மிஸ்ஸுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது, பல தனியார் பள்ளிகளில் அவர் வாங்கும் சம்பளம் ஒரு பெற்றோர் கட்டும் கட்டணத்தைவிடப் பெரிதாக இருப்பதில்லை. முன்பெல்லாம் ஒருநாள் வராவிட்டால் பிள்ளையே தோழி வீட்டுக்குப் போய் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வரும். வீட்டுப்பாடத்தை மறந்தால் மறந்ததற்கான பதிலையும் அதுதான் சொல்லும். இப்போது பள்ளியும் பெற்றோரும் ஒருவரோடொருவர் நேராகப் பேசிக்கொள்கிறார்கள், பிள்ளைக்கு நடுவில் வேலையில்லை. மறக்கவும், தடுமாறவும், தானாகச் சமாளிக்கவும் பிள்ளைக்கு இருந்த சிறு இடத்தை நாம் அடைத்துவிட்டோம். இவ்வளவு செய்திக்கு நடுவே, "என் மகன் வகுப்பில் யாரோடு பேசுகிறான்? சந்தோஷமாக இருக்கிறானா?" என்று ஒரு பெற்றோர் ஒரு ஆசிரியரிடம் கேட்பது அரிது. மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைக் கையில் கொடுக்கும் பத்து நிமிடப் பெற்றோர் கூட்டத்தில் அதற்கு நேரமும் இல்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தக் காலத்தின் பெரிய மாற்றம் கைப்பேசியில் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் இருக்கிறது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிக்குக் குறையாமல் பெண்கள். பள்ளி நடக்கும் விதத்தைக் கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் தீட்டுவது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை அதன் பொறுப்பு. உதவி பெறும் பள்ளிகளில் அது ஆலோசனைக் குழு மட்டும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவே பொருந்தாது. அதிகம் பணம் கட்டும் பெற்றோருக்குச் சட்டம் இந்த இடத்தைத் தரவில்லை. ஒரு ரூபாய் கட்டணம் கட்டாத கூலித் தாய்க்குத் தந்திருக்கிறது. நகரத்து நடுத்தர வர்க்கம் இதை இன்னும் கவனிக்கவேயில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பல ஆண்டுகள் பதிவேட்டில் மட்டுமே இருந்தன. 2022 மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் பெற்றோரை அழைத்துக் கூட்டம் நடத்தினார்கள். அடுத்த மாதங்களில் இருபது பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைந்தன. அதில் பதினைந்து பேர் பெற்றோர். ஆயிரக்கணக்கான ஊர்களில் தலைவர் ஒரு அம்மா. நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பூக்கட்டுகிறவர், தையல் மிஷின் மிதிக்கிறவர். அவர் தலைமையாசிரியருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை, ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர் எப்போது வருவார் என்று கேட்கிறார். எல்லா ஊரிலும் கேட்கிறார் என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் எழுதி வைத்த தீர்மானத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். கேட்கும் இடங்களில் பள்ளி மாறுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 73.4 விழுக்காட்டினர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். கைநாட்டு வைத்த அப்பாவின் பேத்தி தீர்மானத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்திட முடியும்.

தாய்மார்கள் வேறு வழியாகவும் உள்ளே வந்திருக்கிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்தத் தெருப் பெண்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகள் அதே பள்ளியில் படிக்கிறார்கள். பல மாவட்டங்களில் 'கல்விச் சீர்' என்ற பழக்கமும் பரவியிருக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டுபோவதுபோலத் தாம்பாளத்தில் நோட்டும் பேனாவும், தலையில் நாற்காலியும் பீரோவுமாக, மேளதாளத்தோடு பெற்றோர் பள்ளிக்கு ஊர்வலம் வருகிறார்கள். பார்க்க மனம் நிறையும். ஆனால் அரசு செய்ய வேண்டிய கூரையையும் கழிப்பறையையும் சீர் என்ற பெயரில் ஏழைப் பெற்றோர் தலையில் வைத்துவிடக் கூடாது.

பெற்றோருக்கு அதிகாரம் வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே ஒரு கிராமப் பள்ளியில் சத்துணவுச் சமையலராக வந்த பெண் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகப் பெற்றோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்து அவரைச் சமைக்கவிடாமல் தடுத்தார்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகும் சில ஊர்களில் இதே கேவலம் நடந்தது. பெற்றோர் ஒன்றுசேர்ந்து பள்ளியிடம் கேட்டது இதையும்தான். இப்படிப்பட்ட நேரத்தில் பள்ளி பெற்றோருக்குப் பணியக் கூடாது. ஊருக்குள் இல்லாத சமத்துவத்தைப் பிள்ளைக்குக் காட்டுவதற்காகத்தான் பள்ளி என்ற ஒன்றை ஊரிலிருந்து பிரித்து அரசு நடத்துகிறது. ஆசிரியர் தனியாக இதை எதிர்த்து நிற்க முடியாது. அதிகாரிகள் அன்றே வந்து அவர் பக்கம் நிற்க வேண்டும்.

இன்னொருவரும் இப்போது பள்ளி வாசலில் நிற்கிறார். திருப்பூரிலும் சென்னையிலும் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்த வடமாநிலத் தொழிலாளி. அவர் மகள் அரசுப் பள்ளியில் தமிழில் படிக்கிறாள். ஆசிரியர் சொல்வது அவருக்குப் புரியவில்லை. மகளே இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கிறாள். தன்னைப் பற்றி ஆசிரியர் சொல்லும் குறையைத் தானே அப்பாவிடம் சொல்ல வேண்டிய நிலை! நம் தாத்தாக்கள் நின்ற அதே இடத்தில், அதே தயக்கத்தோடு அவர் நிற்கிறார். நமக்கு அந்த இடம் எப்படி இருந்தது என்று தெரியும். ஆகவே அவருக்கு ஒரு நாற்காலியும், அவர் மொழியில் பேச ஓர் ஆளும் ஏற்பாடு செய்யும் கடமை மற்ற மாநிலங்களைவிட நமக்கு அதிகம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. பள்ளி மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. ஆசிரியருக்கு அது வசதியான நேரம். கூலிக்குப் போகிற தாய்க்கு அது அரைநாள் சம்பளம். 2022 மார்ச்சில் கூட்டம் நடந்த நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதைத் துறை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாதக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கோ விடுமுறை நாளிலோ வையுங்கள். அதற்காக வரும் ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்புக் கொடுங்கள். பெற்றோர்களே, கூட்டத்துக்குப் போங்கள். தீர்மானப் புத்தகத்தை நீட்டினால், அதில் எழுதியிருப்பதை முதலில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.